அறுபது முதுகில் ஒரு முடிச்சு

நாவல்மட்டத்தில் நாவல் மரம் கிடையாது, மட்டமான இடமும் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி, வயிற்றில் இருப்பதையெல்லாம் ஒன்பதாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே ஒப்படைத்துவிட்டு வந்து இறங்கினால், ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஒரு மாதா கோயில், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிவாசல், ஹைதுரூஸ் பாய் வர்க்கி ரொட்டி சுடுகிற அடுப்பு, அவற்றைச் சுற்றி வரிசை வரிசையாகத் தொழிலாளிகளின் லயத்து வீடுகள், இவ்வளவுதான் ஊர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் அறுபது பேர் முதுகில், இடது தோள்பட்டைக்கு நாலு விரற்கடை கீழே, சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில், ஒரு மிளகு உறுத்த ஆரம்பித்தது. அந்த அறுபதில் என் முதுகும் ஒன்று. என் வாயிலிருந்து வரும் மற்ற எதையும் நீங்கள் நம்ப வேண்டாம், என் வீட்டுக்காரியே நம்பியதில்லை. ஆனால் என் முதுகுக்குக் கதை கட்டத் தெரியாது.

அடைக்கலமேரி பின்னிய சுவெட்டரில் நூல் சேர்ந்த இடத்தை யாரும் கண்டுபிடித்ததில்லை. ஒரு உருண்டை தீர்ந்து அடுத்த உருண்டையை எடுக்கும்போது மற்றவர்கள் இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சைப் போட்டு உள்பக்கம் தள்ளிவிடுவார்கள். "முடிச்சு ஆட்டைக் கட்டத்தான், ஆட்டு ரோமத்துக்கு இல்ல" என்பாள் அவள். பழைய நுனியையும் புது நுனியையும் மூன்று விரல் நீளத்துக்குப் பிரித்து, பஞ்சுபோல உதிர்த்து, எதிரெதிராக உள்ளங்கையில் படுக்கவைத்து, நாக்கால் ஒரு தடவை ஈரம் காட்டி, இரண்டு கையையும் சூடு பறக்கத் தேய்ப்பாள். நீங்கள் இருபது எண்ணி முடிப்பதற்குள் அங்கே இரண்டு நூல் இருந்ததற்கான சாட்சியம் எதுவும் இருக்காது, இழுத்தால் வேறு எங்காவது அறுமே தவிர அந்த இடத்தில் அறாது. நைலான் கலந்த நூல் என்றால் எவ்வளவு எச்சில் போட்டாலும் சேராது. "அதுக்கு உசிரில்ல, எச்சி எதுக்கு வீணா" என்று தள்ளி வைத்துவிடுவாள்.

அவள் புருஷன் சூசை, தொழிற்சாலையில் தினக்கூலிக்குத் தேயிலை மூட்டை தூக்குகிறவன், சம்பளப் பட்டியலில் இல்லாதவன். ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, போலீஸைக் கண்ட திருடன் மாதிரி இரண்டு கையையும் தூக்குவான். அவள் நூல் சிட்டத்தை அந்தக் கைகளில் மாலையாக மாட்டி, ஒரு நுனியைப் பிடித்து உருண்டையாகச் சுற்றுவாள். நூல் சிக்காமல் வர அவன் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் இப்படி ஆட்டினான். அந்த வீட்டில் பேச்சு, சண்டை, சமாதானம், யார் செத்தார் யார் பிறந்தார் எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கும். கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறவனால் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது இல்லையா, அதனால் அவர்கள் குடும்பம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலைக்கு ஐம்பதாவது வருஷம் வந்தது. தொழிலாளிகள் அறுபது பேருக்கும் ஆளுக்கொரு பச்சை சுவெட்டர் தருவதாக முடிவாகி, ஒரு பெரிய பொதி அசல் கம்பளி நூல் அடைக்கலமேரி வீட்டில் இறங்கியது. அவள் முதலில் தன் அளவுக்கு ஒன்றை மாதிரியாகப் பின்னித் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தாள். ஒரு விரல் நூலைக்கூட அவள் எறியவில்லை. மாதிரியில் மிஞ்சியது முதலாவதன் தொடக்கம், முதலாவதில் மிஞ்சியது இரண்டாவதன் தொடக்கம், இரண்டாவதில் மிஞ்சியது மூன்றாவதன் தொடக்கம், எச்சில் வைத்துத் தேய்த்துச் சேர்த்து, சேர்த்து, எட்டு மாதத்தில் ஐம்பத்தொன்பது முடித்தாள். ஐம்பத்தொன்பதாவது எனக்கு. அப்போது நான் அங்கே இலை நிறுக்கிற உத்தியோகத்தில் இருந்தேன், என் தொப்பையை நினைத்து அவள் கடைசிப் பக்கமாகத் தள்ளிப்போட்டிருந்தாள்.

அறுபதாவது பாதியில் நிற்கும்போது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து நாள் கண் திறக்கவில்லை. விழாவுக்கு நாள் நெருங்க, சூசை அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, பன்னிரண்டு வருஷமாக எதிரே உட்கார்ந்து பார்த்த ஞாபகத்தில், அந்த மூட்டை தூக்கும் கைகளால் ஊசியைப் பிடித்து மீதியைப் பின்னினான். முதுகுப் பக்கம் தோளுக்குக் கீழே வரும்போது உருண்டை தீர்ந்துவிட்டது. எச்சில் வைத்துத் தேய்த்தான். சேரவில்லை. நான்கு தடவை தேய்த்தும் சேராமல், ஒரு முடிச்சுப் போட்டான். அது அவிழ்ந்துவிடுமோ என்று அதன் மேல் இன்னொன்று போட்டான்.

விழாவில் அலுவலகத்து அதிகாரி ஒவ்வொரு சுவெட்டராகத் தடவித் தடவி வாங்கிவைத்தார். அறுபதாவதில் அவர் விரல் நின்றது. "இதென்னம்மா, மிளகு வச்சுப் பின்னியிருக்கீங்க?" என்றார்.

அடைக்கலமேரி வாங்கித் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் விட்ட முகம், அதில் ரத்தம் எல்லாம் ஒரே சமயத்தில் ஏறியது. சூசையைத் திரும்பிப் பார்த்து, ஒலிபெருக்கி இல்லாமலேயே கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "மூட்டை தூக்குற கையை நம்பி நூலைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். அறுபது பேரும். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

 சூசை அந்த மிளகு சுவெட்டரை வாங்கி மாட்டிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். எண்ணிக்கை ஒன்று குறைந்ததால், தனக்கென்று வைத்திருந்த மாதிரியை எடுத்து அவள் அதிகாரியிடம் கொடுத்தாள். அறுபது பேருக்கும் வந்து சேர்ந்தது. அவளுக்குத்தான் ஒன்றும் இல்லை, சுவெட்டரும் இல்லை, ஆளும் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, உறைபனி புல்மேல் உப்பு மாதிரி படிந்திருக்க, நாவல்மட்டத்தில் சுவெட்டர் போட்டிருந்த அத்தனை பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. போஜனுக்கு அது மாரடைப்பு என்று தோன்றியது. போஜன் எங்கள் சங்கத் தலைவர், எது வந்தாலும் தனக்குத்தான் முதலில் வந்தது என்று சொல்கிற மனிதர். விசாரித்துப் பார்த்ததில் யாருக்கும் மாரடைப்பு இல்லை. தொழிற்சாலையில் இலை பொறுக்கும் ஆமினா, ஹைதுரூஸ் பாயின் சம்சாரம், புது சுவெட்டரோடு வர்க்கி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து மாவு உருட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றதும் அறுபது பேருக்கும் பல் கிட்டியது. உடம்பில் சுவெட்டர் இருந்தால் ஒருவர் சூடு எல்லோருக்கும், ஒருவர் குளிர் எல்லோருக்கும்.

ஏன் என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்கு வேலை இருந்தது. மூன்றே நாளில் ஊர் கூடி முறை வகுத்தது: தினம் ஒருவர், அகர வரிசைப்படி, அடுப்பின் முன்னால் உட்கார வேண்டியது, மற்றவர்கள் இலை பறிக்கவோ, மாட்டைப் பிடிக்கவோ, பூசை காணவோ போகலாம், யாருக்கும் குளிராது. உட்காருகிறவர் சும்மா இருக்கக் கூடாது, பாய்க்கு மாவு உருட்டிக் கொடுக்க வேண்டும். அந்த மார்கழியில் எங்கள் ஊரில் விறகு செலவாகவில்லை. ஹைதுரூஸ் பாயின் வர்க்கிதான் அறுபது விதமான கையில் உருண்டு அறுபது விதமான கோணலாக வந்தது. என் முறையில் வந்த வர்க்கியை மாதா கோயில் வாசல் நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுப்பு முறைக்குப் போகிறவரை அன்றைக்கு யாரும் திட்டக் கூடாது என்று ஒரு சட்டம், முறைக்காரர் ஐஸ் சாப்பிடக் கூடாது என்று ஒரு சட்டம், காய்ச்சல்காரர் சுவெட்டரைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு சட்டம். கல்யாணப் பேச்சில்கூட, "மாப்பிள்ளை சுவெட்டர்க்காரரா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்த மிளகு. முதல் நாளிலிருந்தே அது இருந்தது. ஒவ்வொருவரும் தன் சுவெட்டரில்தான் கோளாறு என்று நினைத்து, ஒவ்வொருவராக அடைக்கலமேரி வீட்டுக்குப் போய் முதுகைக் காட்டினோம்.

"அக்கா, இங்க ஒரு முடிச்சு குத்துது."

"எங்க?"

"இந்தா, இங்க."

அவள் சுவெட்டரை வாங்கி, உள்ளே வெளியே திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். எதுவும் இருக்காது. "என் பின்னல்ல முடிச்சா? முதுகைத் தேச்சுக் குளிங்க, அழுக்கு குத்துது" என்று எங்கள் மேலேயே எறிவாள். அறுபது பேரையும் இப்படித் துரத்தினாள். நாங்கள் நிலைப்படியில் முதுகைத் தேய்த்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

தை மாதம் வேறு ஒரு குளிர் வந்தது. அது எங்கள் ஊர்க் குளிர் இல்லை. எங்கள் குளிர் காற்றோடு வரும், காதைக் கடிக்கும், வெயில் பட்டால் ஓடிவிடும். இது காலை எட்டு மணிக்கு, காற்றே இல்லாமல், மார்பில் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்த மாதிரி வந்து, ஈரமாக ஒட்டிக்கொண்டு, பகல் ஒரு மணி வரைக்கும் போகாது. அடுப்பின் முன்னால் இரண்டு பேரை உட்காரவைத்துப் பார்த்தோம், மூன்று பேரை உட்காரவைத்தோம், வேர்வையும் நடுக்கமும் ஒன்றாக வந்ததே தவிர அது போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. ஊரில் அறுபது பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள், ஒருத்தரும் குளிரில் நிற்கவில்லை. அப்படியானால் இது யாருடைய குளிர்?

அடைக்கலமேரி வர்க்கி வாங்க வந்தபோது ஆமினா நடுங்கிக்கொண்டே இதைச் சொன்னாள். குளிரும்போது அந்த மிளகு இன்னும் நன்றாகத் தெரிகிறது என்றும் சொன்னாள்.

"உன் சுவெட்டரைக் கழட்டு" என்றாள் அடைக்கலமேரி.

"ஏன்க்கா?"

"கழட்டுடி."

கழற்றிக் கொடுத்தாள். அடைக்கலமேரி, ஊருக்கெல்லாம் பின்னிவிட்டு வெறும் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரிகிறவள், முதன்முதலாகத் தன் பின்னலை மாட்டிக்கொண்டாள். மார்பில் அந்த ஈரக் கல் வந்து ஒட்டியது. முதுகில், இடது தோள்பட்டைக்கு நாலு விரற்கடை கீழே, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட இரட்டை முடிச்சு. விழா மேடையில் எல்லோர் முன்னாலும் அவள் விரலில் உருண்டது அதுதான். அவள் கையில் வர்க்கிப் பொட்டலம் அப்படியே நொறுங்கியது என்று ஆமினா பிறகு சொன்னாள். "எங்கயோ குளிர்ல நிக்கிறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவள், அந்தச் சுவெட்டரைத் திருப்பித் தரவில்லை. ஆமினாவும் கேட்கவில்லை.

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் போஜன் கூட்டம் போட்டார். இலை நிறுக்கும் கொட்டகையில் எல்லோரும் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தோம்.

"சூசை நல்ல மனுசன், அதுல யாருக்கும் ரெண்டாவது பேச்சில்லீங்க" என்று போஜன் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். "ஆனா ஒருத்தருக்காக அறுபது பேரு நிமோனியாவுல போக முடியுங்களா? அம்மா, அந்த மனுசன் சுவெட்டரு எந்த எடத்துல எங்களோட சேர்ந்திருக்கு? அதைக் கண்டுபுடிச்சு வெட்டி விட்டுருங்க."

வெட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அறுபதாவது தொடங்கியது ஐம்பத்தொன்பதில் மிஞ்சிய உருண்டையில். அந்த உருண்டை என் சுவெட்டரில் எங்கே வந்து சேர்ந்ததோ, அங்கே வெட்டி, அதற்கு மேலே உள்ளதைப் பிரித்துவிட்டால், சூசை தனி, ஊர் தனி. வெட்டினால் எங்களுக்குக் குளிராது. அவன் இருக்கிறானா இல்லையா என்பதும் அப்புறம் யாருக்கும் தெரியாது.

என் சுவெட்டரைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். கத்தரிக்கோலை அவள் பக்கத்தில் போஜன் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பிலிருந்து மேலே, ஒவ்வொரு வரியாகக் கட்டைவிரலை ஓட்டினாள். கொட்டகையில் பல் கிட்டும் சத்தம் மட்டும்தான். வலது பக்க விலாவுக்கு மேலே, ஓர் இடத்தில், அந்தக் கட்டைவிரல் ஒரு மூச்சு நேரம் நின்றது. நான் எதிரே இருந்தேன், பார்த்தேன். பிறகு நகர்ந்து கழுத்து வரைக்கும் போயிற்று.

"கிடைக்கல" என்றாள்.

"நீங்க போட்டதுதானேம்மா?"

"நான் போட்டதுனாலதான் கிடைக்கல."

போஜன் என்னைப் பார்த்தார். "என்ன பெரியவரே, நீங்க ஏதாச்சும் பார்த்தீங்களா?"

நான் வாழ்நாளில் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், யானை வர்க்கி தின்ற கதை உட்பட. ஆனால் வாயைத் திறக்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அப்புறம் ஊர் அந்தக் குளிரையும் தன் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. எட்டு மணி ஆனதும், "சூசை வேலைக்குப் போயிட்டாரு" என்பார்கள். ஒரு மணிக்கு, "இறங்கிட்டாரு" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வெதுவெதுப்பாக இருந்தால், "இன்னிக்கு அவருக்கு லீவு." எங்கே இருப்பான் என்பதில்தான் ஊர் நாலாகப் பிரிந்து கிடந்தது. காஷ்மீர் என்றார் ஒருவர். இமயமலையில் ராணுவத்துக்கு மூட்டை தூக்குகிறான் என்றார் போஜன். அடைக்கலமேரி மாதா கோயிலில் ஒரு பழைய தேசப்படத்தைக் கேட்டு வாங்கி, வடக்கே வெள்ளையாக இருந்த இடத்தை எல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சித்திரையில்தான் வெளிச்சம் வந்தது. எங்கள் ஊருக்கு வெள்ளிக்கிழமை தோறும் தூத்துக்குடியிலிருந்து மீன் வண்டி கொண்டுவருகிறவர் கஸ்பார். அன்றைக்கு அவர் தராசைப் பிடித்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, ஆளாளுக்கு எப்பவும் விறைச்சுப்போயி நிப்பீகளே, இன்னிக்குச் சிரிச்சுக்கிட்டு இருக்கீக?" என்றார்.

"சூசைக் குளிர் வரலை" என்றேன். "போன வருஷமும் இப்படித்தான் சித்திரை பிறந்த மறுநாள் நின்னுச்சு. ஒண்ணரை மாசம் வரலை."

கஸ்பார் தராசைக் கீழே வைத்தார். "எத்தனை நாளு?"

"நாப்பத்தஞ்சு."

"ஏ மக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "அது மீன்பிடித் தடைக்காலம்லா! கடல்ல விசைப்படகு இறங்காது, ஐஸ் பிளாண்டு எல்லாம் பூட்டிக் கெடக்கும். உங்க ஆளு காஷ்மீரத்துலயும் இல்ல, கைலாசத்துலயும் இல்ல. எங்க ஊருல ஐஸ் கட்டி தூக்குதான்!"

அடைக்கலமேரி மத்தி வாங்க நின்றிருந்தாள். கையில் இருந்த பாத்திரத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக வடக்கே தேடிய விரல், வேர்வை வழிகிற தென்கோடியில் ஒருநாளும் போய் நிற்கவில்லை.

தடைக்காலம் முடிந்தது. குளிர் வந்தது. அதை ஊரே வரவேற்றது என்றால் நம்புவீர்களா? ஆனால் அந்தக் கரையில் ஐஸ் பிளாண்டுகள் பல, பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டு வேலை செய்கிற ஆட்களும் பலர், கஸ்பார் சூசையைப் பார்த்ததில்லை. அதற்கு ஆமினாதான் வழி சொன்னாள். ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, அகர வரிசை எல்லாம் பார்க்காமல், இருபது பேர் சுவெட்டரோடு வர்க்கி அடுப்பின் வாயில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். பாய் சவுக்குக் கட்டையாகத் திணித்தார். அதே பதினொரு மணிக்குக் கஸ்பார் கடற்கரையில் ஐஸ் பிளாண்டு ஐஸ் பிளாண்டாக ஏறி இறங்கினார், உறைந்துபோன அறைக்குள் எவனுக்கு வேர்க்கிறது என்று பார்க்க. நான்காவது பிளாண்டில், பச்சை சுவெட்டரில், தோளில் பனிக்கட்டியோடு, மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட ஒருவன், "எந்தப் படுபாவி இது, ஒண்ணரை வருசமா ஐஸுக்குள்ள என்னை வேக வைக்கிறது!" என்று ஏசிக்கொண்டு நின்றானாம்.

கஸ்பார் செல்போனில் சொன்ன பதிலை ஹைதுரூஸ் பாய் சத்தம் பெரிதாக்கி எல்லோருக்கும் கேட்க வைத்தார். "வரமாட்டேன்னுட்டான் அண்ணாச்சி. 'மூட்டை தூக்குற கை, இங்க கட்டி தூக்கிக்கிட்டுக் கெடக்கு, யாரும் சிரிக்கல' அப்படின்னு சொல்லச் சொன்னான்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தவன் நான். என் காது சுட்டது, அதற்கும் அடுப்புக்கும் சம்பந்தம் இல்லை.

மறுநாளிலிருந்து அடைக்கலமேரி அடுப்பு முறையை யாருக்கும் விடவில்லை. காலை எட்டு மணிக்கு ஆமினாவின் சுவெட்டரோடு வந்து நிற்பாள், அவன் குளிர் இறங்கும் வரை நிற்பாள், ஒரு மணிக்குப் போவாள். கடிதம் இல்லை, தூது இல்லை. ஆனி முழுக்க நின்றாள், ஆடி முழுக்க நின்றாள். சாரல் அடித்து ஊறிய ஊரில், அவள் நின்ற ஐந்து மணி நேரம் எங்களுக்கு நடுக்கத்துக்கு நடுவே வெயில். "இப்ப சூடு வைக்கிறது அவதான்" என்று கஸ்பார் அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். "தெரியும்" என்றானாம். 

ஆவணியில் ஒரு நாள், அடுப்புக்கும் சாரலுக்கும் நடந்த உடம்பு, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல்காரர் சுவெட்டரைக் கழற்ற வேண்டும் என்பது சட்டம். ஆமினா கழற்றப் போனாள். அடைக்கலமேரி இரண்டு கையாலும் சுவெட்டரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தக் காய்ச்சல் அறுபது பேருக்கும் ஏறியது. வாய் கசந்தது, கண் எரிந்தது. கழற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். போஜனே கழற்றவில்லை. "ஆளுக்குக் கொஞ்சம் தாங்குனா அந்தம்மாவுக்குக் கொறையுமோ என்னமோ" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னார். குறையவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டார், மருந்து கொடுத்தார், இரண்டாவது நாளும் அவள் கண் திறக்கவில்லை.

இரண்டாவது நாள் மூன்று மணி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் தண்ணீர் இறங்கியது. படிக்கட்டு வழியாக அருவி மாதிரி இறங்கியது. "மேட்டுப்பாளையத்துல இருந்து பதினாலு வளைவும் என் வண்டியைக் கழுவிட்டே வர்றான்யா இந்த ஆளு!" என்று கண்டக்டர் கத்த, பின்னால் பச்சை சுவெட்டரும் நனைந்த லுங்கியுமாகச் சூசை இறங்கினான், மார்போடு ஒரு சாக்கு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அரைப் பாளம் ஐஸ், உமியில் புதைத்து, சாக்கில் சுற்றி, தூத்துக்குடியில் அவன் ஏறும்போது இரண்டு ஆள் தூக்குகிற கனம். வீட்டுக்குள் போய்ப் பிரித்தபோது, ஈர உமிக்கு நடுவே உள்ளங்கை அகலம் மிஞ்சியிருந்தது.

அதை எடுத்து அவள் நெற்றியில் வைத்தான்.

அறுபது பேருக்கும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு சிலிர்ப்பு ஓடியது. மாதா கோயில் மணி அடிக்கிறவர் கயிற்றை விட்டார். போஜன் போர்வையை உதறினார். நான் அந்த வீட்டு வாசலில்தான் நின்றேன். என் எரிந்த கண் குளிர்ந்து, தண்ணீர் விட்டது.

அவள் கண் திறந்தாள். அவன் லுங்கியிலிருந்து சொட்டுவதைப் பார்த்தாள். "பஸ்ஸுக்குள்ளயும் மழையா?" என்றாள்.

"பேசாத. படு."

"அத்தனை நாள் அடுப்புல நின்னேனே, அப்ப வரல."

"அது அடுப்புச் சூடு" என்றான் சூசை. "இது உன் சூடு. எனக்குத் தெரியாதா? அஞ்சு நாள் இதுக்குப் பக்கத்துல உக்காந்துதானே அந்தச் சனியனைப் பின்னினேன். எச்சி வச்சு நாலு தடவை தேச்சேன் மேரி. சேரல. பயத்துல வாய் காஞ்சு கெடந்துச்சு, எச்சியே ஊறல."

 அவள் அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஐஸ் தூக்கித் தூக்கி வெடித்த கை. எங்கள் அறுபது கன்னமும் சில்லிட்டது, நாங்கள் நாகரிகம் கருதி அவரவர் சுவெட்டரைக் கழற்றிவிட்டோம்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, ஊர் மறுபடியும் கொட்டகையில் கூடியது. போஜன் அதே கத்தரிக்கோலோடு வந்திருந்தார். "சந்தோசமுங்க. ஆளு வந்தாச்சு. இப்பவாச்சும் அந்த முடிச்சை எடுத்திட்டு உங்க கையால சேர்த்து விட்டுருங்கம்மா. ரெண்டு வருசமா முதுகைத் தேச்சு எங்கூட்டு நிலையே வழவழன்னு ஆயிப்போச்சு."

சூசையின் சுவெட்டர் அவள் மடியில் இருந்தது. முடிச்சைத் தேட அவளுக்கு ஒரு நொடி ஆகவில்லை. கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். எடுத்து, போஜனிடமே திருப்பி நீட்டினாள்.

"என் ஒட்டு எல்லாம் நல்ல ஒட்டுதான். அதை வச்சு என்னால ஒருத்தரையும் தேட முடியல" என்றாள். "இவரு போட்டது இது ஒண்ணு. இதை வச்சுத்தான் இவரைப் பிடிச்சேன். இது இருக்கட்டும்."

"அப்ப எங்க முதுகு?"

அவள் எங்கள் எல்லோரையும், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும், ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சிரிச்சீங்கல்ல?" என்றாள். "பேசுனவ நான். அதனால என் முதுகுலயும் இருக்கும். எல்லாருக்கும் இருக்கட்டும்."

போஜன் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.  கூட்டம் கலையும்போது ஆமினா மட்டும், "அக்கா, என் சுவெட்டரு?" என்று மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு, ஆமினாவுக்குப் புதிதாக ஒன்று பின்னுவதற்காக, சூசை முகம் கழுவி, எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் தூக்கினான்.

இதெல்லாம் நடந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். என் சுவெட்டரின் வலது விலாவுக்கு மேலே ஓர் இடம் உண்டு. அதை நான் இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை, உங்களுக்கும் காட்டப்போவதில்லை. ஆனால் நாவல்மட்டம் பக்கம் வந்தால் எங்கள் வீட்டு நிலைப்படிகளைப் பாருங்கள். மாதா கோயிலில், பள்ளிவாசலில், தொழிற்சாலையில், எல்லா நிலையிலும், ஆள் நின்றால் இடது தோள்பட்டைக்கு நாலு விரற்கடை கீழே வருகிற உயரத்தில், ஓர் இடம் மட்டும் மரம் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும். நின்று முதுகைக் கொடுத்துப் பாருங்கள். வாகாக இருக்கும்.